என் பெயரில் ஒரு கூறு

போன வாரம் என் சுயசரிதையின் மிகச் சிறந்த சாப்டர் செத்துப் போனது. கொன்றவர் என் அண்ணன்.

ஆமாம், சுயசரிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘உமக்கு எதுக்குய்யா அது?’ என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நான் ஜெயிலுக்குப் போனவன் இல்லை; சீமைக்குப் போனவனும் இல்லை. பேரையூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பையன் கருப்பையா மதுரைக்குப் படிக்க வந்தான். ஞானஸ்நானம் வாங்கி ஞானமுத்து ஆனான். பிறகு வாத்தியார் ஆனான். அவ்வளவுதான். ஆனால் கருப்பையா ஞானமுத்து ஆன அந்த நடுப்பகுதி இருக்கிறதே... அதை எழுதத்தான் இத்தனை வருஷம் தைரியம் தேடினேன்.

பிரஸ் வைத்திருக்கும் நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “யுத்தக் காலம். பேப்பர் கிடைக்கிற லட்சணத்துல, படிக்கிறவன் அழுதாத்தான் புஸ்தகம் நகரும்.”

அவரை அழ வைத்தது ஏழாவது சாப்டர்.

எங்கள் குலதெய்வக் கோயிலில் மாசி மாதம் கிடா வெட்டுவார்கள். கறியை இலைகளில் கூறு போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு கூறு. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குக் கல்யாணமான வருஷம், முறைப்படி என் பெயரையும் கூப்பிட்டிருக்க வேண்டும். வேதத்தில் சேர்ந்தவனை எப்படிக் கூப்பிடுவார்கள்? விட்டுவிட்டார்கள். அண்ணன் தலைகுனிந்து நின்றார். தன் கூறை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக நடந்தார். ‘அன்றோடு என் வேர் அறுந்தது’ என்று முடித்திருந்தேன். எழுதும்போது நானே அழுதேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆனால் ஒரு பயம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு அண்ணன் பல வருஷம் என்னோடு பேசவில்லை. அம்மா இறந்தபோதுதான் பேச்சு திரும்பியது. அதுவும் மழை, பருத்தி, மாடு — இவ்வளவுதான். சாமி பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. இந்தப் புத்தகத்தால் அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோனால்? அண்ணன் சரி என்று சொல்லாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். சொல்லி அனுப்பினேன்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டும் கரிவாயு பஸ்ஸில் புகையைக் குடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் மனைவி சலோமி காபி கொடுத்து முடித்ததும், நானே ஏழாவது சாப்டரை வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடுதான்...

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேண்ணே.”

“அன்னைக்கு நீ கோயிலுக்கு வந்திருந்தியா?”

“இல்லையே.”

“பெறகு நான் தலைகுனிஞ்சு நின்னத எங்கிட்டு இருந்து பாத்த?”

கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தேன்.

“யாரும் வந்து சொன்னாகளா?”

“இல்லண்ணே... அப்படித்தான் இருக்கும்னு...”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “வருசா வருசம் ஒன் பேரக் கூப்புடுறாக. ‘கருப்பையா’ன்னதும் நாந்தேன் எந்திரிச்சுப் போயி வாங்கியாரேன்.”

“நான் வேதத்துல சேந்துட்டேனே?”

“சாமிய மாத்திக்கிட்ட, சரி. எங்கூடப் பெறந்தது மாறிப்போச்சா? ஒனக்கு வேதக்கோயில்ல கல்யாணமுன்னு கேள்விப்பட்டேன். நேரே பெரியாளுககிட்டப் போயி, எங்க வீட்டுக்கு இனிமே ரெண்டு தலைக்கட்டுன்னுட்டேன். மொணங்குனாக. எங்க நடந்தாலும் கல்யாணம் கல்யாணந்தானப்பான்னேன்.”

என் கல்யாணத்துக்கு என் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டு பெஞ்சு காலியாகவே கிடந்தது. அந்தக் கல்யாணத்தை, பேரையூர்ப் பக்கத்தில் ஒரு மனிதர் ஊர்ப் பெரியவர்களிடம் சண்டை போட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறார். சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஏழாவது சாப்டர் எழுதும்போது வந்தது போலில்லை இது.

சலோமிதான் கேட்டாள். “அம்புட்டு வருசக் கறியும் என்னதான் ஆச்சு?”

“நாந்தேன் தின்னேன்” என்றார் அண்ணன், கொஞ்சம் வெட்கத்தோடு. “கெட்டுப்போயிருமுல்ல.”

“இம்புட்டு நாளும் ஏண்ணே சொல்லல?”

“நீ கேக்கலயே. அதும்போக, சாமிக்கு வெட்டுனத ஓங்க ஆளுக தொடமாட்டாகன்னாக. சொன்னா ஒனக்குத்தேன் சங்கடம்.”

உண்மைதான். நான் தொடமாட்டேன். என் விசுவாசத்தில் நிறைவாக இருக்கிறேன்; மாசிக் கொடைத் திருவிழாவுக்குப் போய் உட்காரும் எண்ணம் இல்லை. தயங்கித் தயங்கி அதையும் சொன்னேன்.

“ஒன்ன யாருப்பா கூப்பிட்டா? நீ வந்து ஒக்காந்தா எனக்கு ஒரு கூறுல்ல கொறையும்!”

புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். “போட்டுக்க. தலைகுனிஞ்சேன்னு மட்டும் போடாத” என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

சுயசரிதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு என்று நினைக்கிறேன். தான் இருந்த இடத்தில் நடந்தது மறந்துபோகும். தான் இல்லாத இடத்தில் நடந்ததுதான் பளிச்சென்று ஞாபகம் இருக்கும். மறுநாளே உட்கார்ந்து ஏழாவது சாப்டரைத் திருத்தி எழுதினேன். ‘வேர் அறுந்தது’ என்ற வரியை அடிக்கும்போது, நம்புங்கள், கைக்குச் சுகமாக இருந்தது.

பிரஸ் நண்பருக்குத்தான் பெரிய ஏமாற்றம். “அழுகையே போச்சே ஐயா! மதம் மாறின மனுஷன் எதையாவது இழக்க வேண்டாமா? நீர் அப்படி என்னத்தைத்தான் இழந்தீர்?”

யோசித்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு கூறு கறி... அதையும் அண்ணன் வீணாக விடவில்லை.