புல்லு டீச்சரின் மூன்றாவது அளவு

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஞானசௌந்தரியை ஊரே ‘புல்லு டீச்சர்’ என்றுதான் சொல்லும். கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். ஊட்டிக்குப் போனால் மனுஷர்கள் வர்க்கி வாங்கி வருவார்கள், தைலம் வாங்கி வருவார்கள். இவள் அவலாஞ்சி மலையுச்சியிலிருந்து ஒரு மரப்பெட்டி நிறையப் புல்லை அடிமண்ணோடு வெட்டி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

“ஏண்டி, தாம்பரத்துல புல்லுக்கா பஞ்சம்?” என்று கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு மேல்தான்.

“இந்தப் புல்லு எவ்வளவு மூச்சு விடுதுன்னு அளக்கப் போறேன், சாவித்ரி அக்கா.”

சரிதான், முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் விளக்கியபோது எனக்கே சுவாரசியமாகிவிட்டது. பகலில் மலைப்புல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வளர்கிறது. செத்தால் மண்ணோடு சேர்கிறது. அங்கே குளிர் என்பதால் மண் அதைச் சுலபத்தில் திருப்பி விடுவதில்லை. காலம் காலமாகச் சேர்ந்து சேர்ந்துதான் மண் அப்படிக் கன்னங்கரேலென்று இருக்கிறதாம். குளிர் குறைந்தால் எவ்வளவு வெளியே போகும்? அதுதான் அவள் ஆராய்ச்சி. புல்லின் மேல் தகர டின்னைக் கவிழ்ப்பாள். உள்ளே ஒரு கிண்ணத்தில் காஸ்டிக் சோடா கரைசல் இருக்கும். வெளிவரும் வாயுவை அது பிடித்துக்கொள்ளும். பிறகு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு பிடித்தது என்று கணக்குப் போடுவாள்.

பல்லாவரத்தில் ஒரு ஐஸ் பேக்டரிக்காரரைக் கெஞ்சி, குளிரில் ஓர் அளவு எடுத்தாள். வீட்டு வராந்தாவில் இன்னொன்று. அவள் ஆய்வைத் தேற்ற வேண்டிய பேராசிரியர் லாசரஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டார். “ரெண்டு புள்ளிய வெச்சு யார் வேணாலும் கோடு போடலாம்மா. நல்ல சூட்டுல ஒண்ணு வேணும். பொங்கலுக்குள்ள கொண்டா.” அவள் வேலையோ தற்காலிகம். ஆய்வு தேறினால் லெக்சரர், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1971 டிசம்பரில் சூட்டுக்கு எங்கே போவது? ஓயாத மழை. கல்லூரி லேபில் சூடேற்றுகிற அடுப்புப் பெட்டிக்குள் ஒரு தோசைதான் போகும். போதாததற்கு ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் வராந்தாவில் புல்பெட்டியையே காணோம்! அவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் தெரு முழுக்கச் சத்தம் போட்டு விசாரித்ததில், பெட்டி மாதா கோயிலுக்குப் போனதாகத் தெரிந்தது.

குழந்தை இயேசு பிறந்த தொழுவமாக வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலில் புல்தரை பரப்பக் கிறிஸ்தவர்கள் வீடுகளில் தட்டில் கேழ்வரகு முளைக்கப் போடுவார்கள். முளைத்ததும் கோயில் குடிலுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அந்த மழையில் எல்லார் வீட்டு முளையும் அழுகிப்போயிருந்தது. குடில் வைக்கும் சவுரிமுத்து, ரயில்வே எலக்ட்ரீஷியன், வராந்தாவில் பச்சையைப் பார்த்ததும் தூக்கிப் போய்விட்டார்.

“இன்னா டீச்சர் அழுவுறீங்க? குடிலுக்கோசரம்தானே வளத்துகினு இருந்தீங்க? ஆட்டுக்குட்டிங்க நிக்க எவ்ளோ ஷோக்கா கீது பாருங்க!”

வாய்வரை வந்ததைக் கோயிலாச்சே என்று விழுங்கினேன். பெட்டியைத் தூக்கக் குடிலுக்குள் குனிந்த ஞானசௌந்தரி அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, உள்ள கைய விட்டுப் பாருங்க!”

விட்டேன். அம்மாடி, அடுப்பங்கரைச் சூடு! சுற்றிலும் சவுரிமுத்து கட்டிய பல்புகள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதெல்லாம் எப்ப அணைப்பீங்க?” என்றாள்.

“மூணு ராஜா திருநாள், ஜனவரி ஆறு வரிக்கும் அணைக்கறதே இல்ல டீச்சர்.”

பங்குச் சாமியார் விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்து, சரி என்றார். தினமும் பொம்மை ஆடுகளை ஒதுக்கிவிட்டு டின்னைக் கவிழ்த்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சவுரிமுத்து அதற்கு ஜிகினாத் தாள் ஒட்டி, உச்சியில் நட்சத்திரமும் வைத்தார். கும்பிட வந்தவர்களிடம், “தொடாதீங்க, உள்ள மலை மூச்சு வுட்டுகினு கீது” என்று அதட்டல் வேறு!

ஒவ்வொரு நாளும் வராந்தாவில் வந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாயு வந்தது. “மலை சூடாச்சுன்னா சேர்த்ததெல்லாம் போயிடும்க்கா” என்று ஒரு நிமிஷம் முகம் வாடினாள். அடுத்த நிமிஷம், “ஆனா மூணாவது அளவு கெடச்சாச்சு!” என்று என் இடுப்பைப் பிடித்துச் சுற்றினாள். நானும் வெட்கமில்லாமல் சுற்றினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் லாசரஸ் சார் வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“மூணு புள்ளியும் அழகா உக்காருதே! இந்தச் சூட்டை எங்கே பிடிச்சே?”

“பெத்லகேம்ல, சார்.”

ஆய்வு தேறியதென்று கையெழுத்துப் போடும்போது சிரிப்பில் அவருக்குப் பேனாவே நிற்கவில்லையாம்.