படித்துறைப் பலகைக்கு ஒரு சொல்

முதலைக்கு பிரெஞ்சில் என்ன என்று மருமகன் என்னிடம் கேட்கவில்லை. அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவனுக்கு வேண்டியிருந்தது முதலைக்கு முன்னால் போடும் சொல்.

அவன் என் தம்பி மகளின் கணவன். அவளுக்குச் சீதனமாக வந்த ஆரையம்பதி வீட்டுக்கு முன்னால் வீதி, பின்னால் வாவி, ஊர்ப் பேச்சில் ஆறு. அதைத் திருத்தி நாலு அறைகளை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டார்கள். வீதிப்பக்கமிருந்த ஐந்தாவது அறை எனக்கு. பிரான்சில் மகனோடு ஆறு வருடம் இருந்து பார்த்து, குளிரும் மருமகளும் ஒத்துவராமல் திரும்பியதிலிருந்து அங்கேதான் இருந்தேன். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன், போதாததற்கு பிரெஞ்சும் தெரியும் என்பதால், விடுதியின் எழுத்து வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. யாரும் நன்றி சொன்னதில்லை.

ஒரு நாள் காலை எங்கள் படித்துறையில் பக்கத்து வீட்டு நாயை முதலை இழுத்துக்கொண்டு போனது. மொத்தம் நாலு படி. நாய் மூன்றாவதில் நின்று தண்ணீர் குடித்தது. சத்தமே இல்லை. அந்த வாரம் விடுதியில் பத்துப் பேர், எல்லாரும் பிரெஞ்சுக்காரர், அதில் நாலு பிள்ளைகள். பலகை ஒன்று எழுதித்தரச் சொல்லி மருமகன் வந்தபோது, பரவாயில்லை, புத்தி இருக்கிறது என்று நினைத்தேன். பிழையாக நினைத்துவிட்டேன்.

ஒரு தாளில் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதி, பக்கத்தில் பிரெஞ்சையும் பொருளையும் போட்டுக் கொடுத்தேன்.

"ஒண்டு கேட்டா அஞ்சு தாறீங்க மாமா. கடைக்குச் சாமான் வாங்கவா போறம்?"

ஐந்தும் சொந்தக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் இல்லை என்றேன். கோஷன் என்றால் பார்த்து நட. வோர்னிங் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் கேட்காதே. ரிஸ்க் என்றால் நடந்தாலும் நடக்கும். ஹஸார்ட் என்றால் கெடுதல் செய்யக்கூடியது ஒன்று அங்கே இருக்கிறது. டேஞ்சர் என்றால் போனால் போனதுதான். பிரெஞ்சில் இவை ஆளுக்கொரு கதிரையில் அப்படியே போய் உட்காராது. ஹஸார்டைப் போலவே ஒலிக்கும் சொல் அவர்களிடம் உண்டு, அதற்குப் பொருளோ தற்செயல். அதனால் நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் 'தான்ஜே' என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். கோஷனுக்கு 'அத்தான்சியோன்'.

"இந்த அத்தான்சியோனப் போடுங்க. கேக்கவும் நல்லாரிக்கி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் இருந்த மாடிக்கட்டடத்தில் அந்தச் சொல் ஒன்பது இடத்தில் ஒட்டியிருந்தது. ஈரத் தரையில், லிப்ட் கதவில், தாழ்வான வாசல் நிலையில். அந்த நிலையில் நானே இரண்டு முறை தலையை இடித்திருக்கிறேன். தான்ஜே ஒரே ஒரு இடத்தில்தான், மின்சாரப் பெட்டியில். ஆறு வருடத்தில் அந்தப் பெட்டியில் ஒரு குழந்தைகூடக் கை வைத்து நான் காணவில்லை.

ஆகவே பலகையில் சிவப்பு மையால் தான்ஜே என்றே எழுதினேன். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாதுதானே என்ற தைரியம். அவன் போனை எடுத்துப் பலகைக்கு நேரே பிடித்தான். உள்ளிருந்து ஒரு பெண்குரல், "ஆபத்து, முதலைகள்" என்று தமிழில் சொன்னது.

"என்னையே ஏமாத்தப் பாக்கிறீங்களா? ஆபத்தெண்டு போட்டா ஆர் இஞ்ச தங்குவான்? எல்லாரும் பாசிக்குடாவுக்குப் போயிருவானுகள்."

"நாய் போனது உனக்குத் தெரியாதா?"

"நாய் என்ன, ரூம் எடுத்தா இரிந்தது? சோறு போடுற வீட்டுக்கு நல்ல வேலை பாக்கிறீங்க மாமா."

"சோறு போடுறது நீயில்ல. என்ட தம்பிட மகள். வீடும் அவள்ட."

இதைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவள் குசினியிலிருந்து தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்தாள்.

"பெரியப்பா, அந்தப் புள்ளையள் ஆத்தில இறங்காம இரிக்க எந்தச் சொல்லு?"

காட்டினேன்.

"அதையே போடுங்க."

"ஆத்துப்பக்க ரூம் ரெண்டும் சும்மா கிடக்கும், சொல்லிப்போட்டன்" என்றான் அவன்.

பலகையைப் படித்துறையில் நட்டோம். பிள்ளைகளின் தாய்மார் இருவரும் அதைப் படித்த கையோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். ஒருத்தி நன்றி சொல்வாள் என்று பார்த்தேன், காசைத் திருப்பிக் கேட்டாள். பின்னேரம் ஆறு பேர் வெளிக்கிட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் முழுவதும் ஆற்றுப்பக்க அறைகளுக்கு ஆள் வரவில்லை.

ஒரு நாள் தம்பி மகள் என் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"பெரியப்பா, ஆத்துப்பக்கம் இனி ஓடாது. ரோட்டுப்பக்க ரூம் ஒண்டு வேணும்."

ரோட்டுப்பக்கம் மிச்சமிருந்தது எது என்று எனக்கு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

"அவன் சொல்லித்தந்தவனா?"

"இல்ல. நான்தான் சொல்றன்."

அவன் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் வீடு, அவள் சொல்கிறாள். காத்தான்குடியில் ஒரு கடைக்கு மேலே அறை பார்த்துக்கொண்டேன்.

போகிற அன்று மருமகன் என் இரண்டு பைகளையும் தானே தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் வைத்தான். அவ்வளவு சுறுசுறுப்பை அவனிடம் அதற்கு முன் நான் கண்டதில்லை. ஏறி இருந்துகொண்டு சொன்னேன்:

"பலகையக் கழட்டினா அண்டைக்கே திரும்பி வருவன்."

"அப்ப கழட்டவே மாட்டன்" என்றான்.