மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நின்றவர்

போன ஆடி மாதம், ஓசூரில் பாகலூர் போகும் சாலையில் நடந்தது இது. காலை ஷிப்ட் முடிந்த கையோடு, சாப்பிடக்கூட இல்லாமல், என் கணவரை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவருக்கு நடுக்குவாதம். கம்பெனியில் ஓடியாடி வேலை பார்த்த மனிதர், இப்போதெல்லாம் நடந்துகொண்டே இருக்கும்போது ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார்.

காலில் பலம் இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆடோ மாடோ மனிதனோ, 'நட' என்று காலைக் கிளப்பிவிடும் இடம் மூளையின் அடித்தண்டில் இருக்கிறதாம். இவருக்கு அங்கே உத்தரவு சரியாகப் போய்ச் சேருவதில்லையாம். கேட்டுக்கொண்டேன். கேட்டு என்ன, தினமும் இழுப்பவள் நான்தானே.

அன்று சாலையின் பாதியில் நின்றுவிட்டார், நடுவிலிருந்த மஞ்சள் கோட்டுக்குச் சரியாக முன்னால். கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு சாய்கிறது, கால் வரவில்லை. முன்னாலும் பின்னாலும் லாரிகள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது.

எங்களோடு கடந்துகொண்டிருந்த ஒரு பெண், கம்பெனி யூனிஃபார்ம் போட்டவள், அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். இங்கே தொழிற்சாலைக்குள் மஞ்சள் கோட்டை மிதிக்கக் கூடாது. நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வரவில்லை என்றால்தான் தாண்ட வேண்டும். பழக்கதோஷத்தில் ரோட்டிலும் நிற்கிறார் என்று நினைத்துவிட்டாள் போல.

"ஃபோர்க்லிஃப்ட் எதுவும் வரலண்ணா, தாண்டுங்க" என்றாள்.

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். காலைத் தூக்கித் தாண்டினார். அடுத்த அடி தானாக வந்தது. லாரிக்காரரும் நிறுத்தி வழிவிட்டார். நான் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கண்ணெதிரே ஒரு கோடு இருந்தால் மூளை வேறு வழியில் காலைக் கிளப்பிவிடுமாம். அடுத்த முறை போனபோது டாக்டர் சொன்னார். அன்றே ஒரு மஞ்சள் டேப் வாங்கி வந்து வீட்டில் எல்லா வாசலிலும் தரையில் குறுக்காக ஒட்டினேன்.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ஃபோர்க்லிஃப்ட் வரல. தாண்டி வா."

யாரோ ஒருத்தி தப்பாகப் புரிந்துகொண்டு சொன்ன சொல்லில்தான் எங்கள் வீட்டில் இன்று இரண்டு பேருமே நடக்கிறோம்.