தவமணி அக்கா திறந்த உதவிப் பக்கம்

பாலையூற்றிலிருந்து தவமணி அக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டா. நெஞ்சுநோ எண்டு சொன்னவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சுது." தவமணி அக்காவைத் திருகோணமலையில் பலர் அறிவார்கள். அவர் ஏன் வேலையிழந்தார் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

யுத்த காலத்தில் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். வெருகல், கிளிவெட்டிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களைக் கணினியில் பதிவது அக்காவின் பொறுப்பு. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அரிசியும் பருப்பும் கொடுப்பார்கள். முகாம் மாறிய குடும்பங்கள் இரண்டு தடவை பதிவாகியிருந்தன. அவற்றை ஒன்றாக்கும்படி பணிப்பாளர் சொன்னார். வழி ஒருவருக்கும் தெரியாது. அக்கா மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திறந்தார். பதிவுகளை ஒன்றாக்க இங்கே பார்க்கவும் என்றிருந்த இணைப்பு, பதிவுகளை அழிக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோனது. அதன் தலைப்பில் 'இரட்டைப் பதிவுகள்' என்று மட்டுமே இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சொன்னபடி செய்தார். அந்தக் குடும்பங்களின் பதிவுகள் அடியோடு அழிந்துபோயின. பதிவுகளைப் பிரதியெடுத்துச் சேமிக்கும் கருவி பழுதென்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். யாரும் திருத்தாததால் அவற்றை மீட்க முடியவில்லை.

அடுத்த விநியோகத்தில் அந்தக் குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பின. கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்கள் வாசலுக்கே வந்தார். "எங்கட பேர் இல்லையாம் மிஸ். அப்ப நாங்கள் ஆர்?" அக்கா அன்றே லொறியில் ஏறி முகாமுக்குப் போய், கூடாரம் கூடாரமாக மறுபடி பதிந்தார்.

"நீங்கள் உதவிப் பக்கத்தை வாசிக்கேல்லையோ?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"ஓம் சேர், வாசிச்சனான். வாசிச்சபடியாலதான் இப்பிடி நடந்தது. வந்து பாருங்கோ."

அவர் வந்து பார்க்கவில்லை. ஊழியரின் கவனக்குறைவு என்று கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதினார். அக்காவின் வேலை போனது. நான் மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். இணைப்புப் பிழைதான், அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்று பதில் வந்தது. அதைப் பணிப்பாளரிடம் காட்டினேன்.

"அது முடிஞ்ச கதை" என்றார்.

உதவிப் பக்கம் திருத்தப்பட்டது. அக்காவை ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு அலுவலகங்களும் எடுக்கவில்லை. தையல் தைத்தே சீவித்தார். "பிழை வாறது வழமை. ஆனா சேர் வந்து பாக்காமலே எழுதினவர்" என்பார். அந்த மனத்தாங்கல் கடைசிவரை ஆறவில்லை.

செத்தவீட்டுக்குப் பணிப்பாளர் மலர்மாலையோடு வந்தார். "நல்ல பொறுப்பான பிள்ளை" என்றார்.

"அதை அப்பவே எழுதியிருக்கலாம், சேர்" என்றார் தம்பி. மாலையை அவர் வாங்கவில்லை.

பெட்டியை மூடித் தூக்கியபோது அந்த மாலை முற்றத்துக் கதிரையொன்றில் கிடந்தது. எல்லோரும் அதைக் கடந்து நடந்தோம்.

அக்கா, நீங்கள் பிழை விடவில்லை. அமைதியாகப் போய்வாருங்கள்.