செண்பகம் அக்காவும் கடலில் கொட்டிய பாலும்

செண்பகம் அக்கா போய்விட்டார். இன்று காலை, போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கும் வீட்டில். எண்பது தாண்டியவர்... காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாராம், அவ்வளவுதான்.

அவர் மகன் குமார்தான் போன் செய்தான். அழுதேன். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொரு வயது. கோயம்புத்தூரில் கல்யாணம் முடித்து அந்தமான் வந்து, ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். அடுத்த மேஜை செண்பகம் அக்கா, திருநெல்வேலிக்காரர்.

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. போனால் மூன்று வாரம். லம்பா லைன் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலே எனக்கு அழுகை வரும். மெயின்லேண்ட் கப்பலில் ஏறி ஊருக்கே போய்விடலாம் என்று ராஜினாமா கடிதம்கூட டைப் அடித்து டிராயரில் வைத்திருந்தேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, அழுதுக்கிட்டே கெடந்தா ஆச்சா? ஞாயித்துக்கெழமை கிளப்புக்கு வா. படகு ஓட்டக் கத்துக்கிடுவோம். அதுக்கப்புறமும் போவணும்னா போ."

கரையோரம் ஒரு சின்ன கிளப். டிங்கி என்கிற குட்டிப் பாய்மரப் படகில் பயிற்சி. ஆனால் குடும்பங்களுக்கு மட்டும்! என் வீட்டுக்காரர் நடுக்கடலில். அக்காவின் வீட்டுக்காரரோ தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பவர்.

அக்கா அசரவே இல்லை. என்னைக் காட்டி "மேரி சோட்டி பெஹன்" என்றார். என் தங்கை... பயிற்சி கொடுத்தவர் நேவியில் ரிட்டையர் ஆன பஞ்சாபி, மாஸ்டர் சாப் என்போம். தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு ஃபாரம் நீட்டினார்.

ஒருத்தி "ஏட்டி" என்கிறாள், இன்னொருத்தி "ஏனுங்கக்கா" என்கிறாள். தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்களே என்று ஒவ்வொரு வாரமும் பயந்துகொண்டேதான் போவேன்.

நான்காவது வாரம். படகில் நாங்கள் இருவர், நடுவில் நான்கு வயது குமார், அவனுக்கு ஒரு ஃபிளாஸ்க் பால். திடீரென்று காற்று மாறி, படகு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பக்கத்துப் படகிலிருந்து மாஸ்டர் சாப் கத்தினார்.

"பால் கிராவ்! ஜல்தி! பால் கிராவ்!"

கிளாஸில் எப்போதும் "செயில்" என்றுதான் சொல்வார். பதற்றத்தில் ஹிந்தி வந்துவிட்டது. ஹிந்தியில் பால் என்றால் படகின் பாய். பாயை இறக்கு என்கிறார் மனிதர்... எங்களுக்குத் தெரிந்தது பஜார் ஹிந்தி. கிராவ் என்றால் கீழே போடு, கொட்டு. பாலுக்கு ஹிந்தியில் தூத் என்பதுகூடத் தெரியும். ஆனால் அவசரத்துக்கு நமக்காகத் தமிழில் சொல்கிறார், பாவம் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்!

"ஏனுங்கக்கா, பாலைக் கொட்டச் சொல்றாருங்க!"

"எதுக்குட்டி? பிள்ளைக்கு வேணுமே!"

"கனம் கொறையட்டும்னு இருக்குமுங்க!"

அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்து மொத்தப் பாலையும் கடலில் கவிழ்த்தார். மாஸ்டர் சாப் தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த நொடி படகும் கவிழ்ந்தது.

இடுப்பளவு தண்ணீர்தான். லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்த குமார் ஓவென்று அழுதான். விழுந்ததற்கு அல்ல... பாலுக்கு.

அடுத்த ஞாயிறு டெஸ்ட், அதிலும் பாயை இறக்காவிட்டால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார் மாஸ்டர் சாப். எனக்கு வீடு என்றால் அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

வாரம் முழுக்க ஆபீஸில் ஒத்திகை. ஃபைலைப் புரட்டிக்கொண்டே அக்கா திடீரென்று "பால் கிராவ்!" என்பார். நான் எழுந்து இல்லாத கயிற்றை அவிழ்க்க வேண்டும். டீ கொண்டுவருகிறவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பால் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

டெஸ்ட் அன்றும் காற்று சும்மா விடவில்லை. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது படகு சாய்ந்தது. "ஏட்டி, பால்!" என்றார் அக்கா. கயிற்றை விட்டேன். சரசரவென்று பாய் இறங்கியது. குமார் ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான்.

பாஸ்!

சர்டிஃபிகேட் கொடுக்கும்போது மாஸ்டர் சாப் எங்கள் ஃபாரம் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். அப்பா பெயர் என்ற இடத்தில் விரலை வைத்தார். அக்கா தன் அப்பா பெயரை எழுதியிருக்கிறார், நான் என் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன்... கெட்டிக்காரிகள்!

"பாப் தோ, போட் ஏக்... சலேகா" என்றார். அப்பா இரண்டு, படகு ஒன்று... ஓடட்டும் போ. முதல் நாளே பார்த்திருக்கிறார் மனிதர்.

மறுநாள் அக்கா என் டிராயரைத் திறந்து அந்த ராஜினாமா கடிதத்தை எடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கப்பல் மடித்து குமாருக்குக் கொண்டுபோய்விட்டார். நான் ரிட்டையர் ஆகும் வரை அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

இன்று காலை குமார் சொன்னான். "சித்தி, நோட்டீஸ்ல தங்கச்சின்னு உங்க பேரைப் போட்டாச்சு. சாயங்காலம் எடுத்துருவோம். நாளைக்குக் காலைல பால் ஊத்தணும்..."

சொல்லிவிட்டு நிறுத்தினான். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

போய்ட்டு வாங்கக்கா. நாளைக்குப் பதறாதீங்க...

இந்தத் தடவை பால்னா பால்தானுங்க.