கன்றுக்குட்டி கிடைத்ததா?

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய சமயம். நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, பறித்தாலும் நஷ்டம், பறிக்காவிட்டாலும் நஷ்டம் என்று இருந்த காலம். குன்னூரில் ஒரு தேயிலை வியாபார அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கும் வேலை போனது. வீட்டில் சும்மா இருந்தால் எனக்கே என்னைப் பிடிக்காது. பள்ளிக் குழந்தைகளுக்கு எவ்வளவு வாசிக்கத் தெரிகிறது என்று சோதிக்கும் தற்காலிக வேலை ஒன்று வந்ததும் உடனே சரி என்றேன்.

ஒருநாள் போனது மஞ்சூர் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கு. வேலை எளிதுதான். கதை அச்சடித்த அட்டையைக் கொடுத்து ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். நேரம் முடிந்ததும் அட்டையை வாங்கிவிட வேண்டும். அதில் தேறினால்தான் கதையின் மீதி உள்ள, கொஞ்சம் கடினமான இரண்டாவது அட்டை. நான் கறார்ப் பேர்வழி. பிள்ளைகள் என்னை ஊசி போட வந்த நர்ஸம்மாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நிமிடம் முடிந்ததுமே அட்டையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்கள்.

நான்காம் வகுப்பில் ஒரு சிறுமியைப் பற்றித் தலைமையாசிரியை முன்பே சொல்லியிருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். இங்கேயும் வேலை குறைந்துபோனதால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறார்கள். "படிப்பு ஏறுதுன்னா அங்க ஸ்கூல்ல சேக்கறேன், இல்லாட்டி கைக்குழந்தையப் பாத்துக்கட்டும்னு அவங்கப்பா சொல்றாருங்க. இன்னிக்கு உங்ககிட்டயே கேக்க வருவாரு" என்றார்.

சிறுமி எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். மேயப் போன கன்றுக்குட்டி மூடுபனியில் காணாமல் போகிறது, ஒரு பெண் தேடிப் போகிறாள். இரண்டு வரி தாண்டுவதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது. அட்டைக்குக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"கன்னுக்குட்டி இன்னும் கெடைக்கலைங்க டீச்சர்" என்றாள்.

மதிப்பெண்ணை மாற்ற முடியாது. குறைவாக இருந்ததைக் குறைவாகவே எழுதினேன். அட்டையை மட்டும் அவளிடமே விட்டு, வெளியே உட்கார்ந்து படித்துவிட்டுத் தரச் சொன்னேன்.

பள்ளி விட்டதும் அவளுடைய அப்பா வந்தார். "எம் புள்ள தேறுச்சுங்களா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரொம்ப மெதுவாத்தான் படிக்குதுங்க" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மகளிடம் திரும்பி, "வா கண்ணு, பஸ்ஸு வந்துரும்" என்றார்.

அவள் தலையைத் தூக்கவே இல்லை. "இருப்பா, கன்னுக்குட்டியக் காணோம்."

"எந்தக் கன்னுக்குட்டி?"

அவள் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினாள். நின்றுகொண்டு கேட்டவர் கொஞ்ச நேரத்தில் அவள் பக்கத்தில் குந்திவிட்டார். "ஓடைப் பக்கம் பாத்தாங்களா?" என்றார். "இருப்பா, அதெல்லாம் இன்னும் வரல" என்று அவள் அதட்டினாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. நானும் போக வேண்டிய பஸ்தான். மூன்று பேரில் ஒருவரும் அசையவில்லை.

அட்டை முடிந்தது, கன்று கிடைக்கவில்லை. அப்பனும் மகளும் என்னைப் பார்த்தார்கள்.

"மிச்சக் கதை எங்கீங்க டீச்சர்?" என்றார் அவர்.

தேறாத பிள்ளைக்கு இரண்டாவது அட்டை கிடையாது. ஆனால் சோதனைதான் முடிந்துவிட்டதே. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீள நீளமான வாக்கியங்கள். அவள் தடுக்கினாள், திரும்பப் போனாள், மூச்சு வாங்கினாள். அவர் அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் கன்று, பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் வேறொரு மாட்டிடம் சொகுசாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்று தொடையில் தட்டினார், ஓடை என்று சொன்ன அதே மனிதர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் கடைக்காரரிடம் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தார். தப்புத் தப்பாகச் சொன்னார். "அப்படியில்லப்பா" என்று மகள் திருத்திக்கொண்டே வந்தாள்.

"உங்க புள்ள படிச்சதுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஆமாங்க. மெதுவாத்தான் படிக்கும். ஆனா முடிக்காம விடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "திருப்பூர்ல ஸ்கூல்ல சேக்கறதுக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க டீச்சர்" என்றார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அன்று மனசு நிறைந்து வீடு திரும்பினேன்.

அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது. ஆனால் இன்றைக்கும் ஒரு குழந்தை திக்கித் திணறிப் படிக்கும்போது, 'சீக்கிரம் படி' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'அப்புறம் என்னாச்சு?' என்றுதான் கேட்கிறேன்.