பெல்வுட் என்ற பெயரைத் தேடிப் புதுச்சேரி போய் வந்தது

இதை எழுத மூன்று வருஷமாக எனக்குக் கை வரவில்லை. இரண்டு தடவை நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் சிலுவை போட்டு, அப்படியே மூடி வைத்தேன். காரணம் என் அண்ணன். "நான் இருக்கிற வரைக்கும் எழுதாதே" என்று கேட்டுக்கொண்டார். இந்த வருஷம் தவக்காலத்தில் அவர் அவஸ்தைபூசுதல் பெற்று நல்ல மரணம் அடைந்தார். கொடுத்த வாக்கு அதோடு முடிந்தது, எழுதலாம் என்று எங்கள் பங்குச் சாமியாரும் சொன்னார். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். விருத்தாசலம் ஸ்டேஷனில் இஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஓட்டுகிறவன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுப் பெயர் பெல்வுட். இங்கிலீஷ்காரன் பெயர். விருத்தாசலத்தில் அந்தப் பெயரோடு இருந்தது என் வீடும் அண்ணன் வீடும் மட்டுமே. கோலார் தங்க வயலில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கேள்வி. ரங்கூனிலிருந்து அந்தப் பெயர் போட்ட கடிதம் ஒன்று விலாசம் தவறி எங்களிடம் வந்திருக்கிறது. இங்கிலாந்திலேயே இது அபூர்வமான பெயர் என்று ஒரு வெள்ளைக்கார டிரைவர் எனக்குச் சொன்னதுண்டு. என் தகப்பனார் சூசை பெல்வுட் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் பேசாத இடத்தில் நாங்கள் பேசினோம். இங்கிலீஷ் கப்பல் கேப்டன் ஒருவருடைய மகன் அப்பா என்று அண்ணன் சொல்ல, நாங்களும் நம்பினோம். வீட்டில் ஒரு குழந்தை கொஞ்சம் சிவப்பாகப் பிறந்தால் கேப்டன் நிறம் என்போம்.

என் மகள் லூர்துமேரிக்குப் புதுச்சேரியிலிருந்து வரன் வந்தது. பையன் மில் ஆபீசில் குமாஸ்தா. ஒரு கன்னியாஸ்திரி அம்மாள் மூலமாக வந்த இடம். அவர்களை அங்கே எல்லாரும் சொல்தா வீடு என்பார்கள். பையனுடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அந்த ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்களைப் பம்ப்பு வீடு என்பார்கள். அதனால் பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றும்வரை வீட்டுப் பெயர் யார் வாயிலும் வரவில்லை. எங்கள் கோவில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். முதல் ஓலையில் சாமியார், "பிரான்சுவா பெல்வுட், லூர்துமேரி பெல்வுட்" என்று வாசித்தார். கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது.

பூசை முடிந்ததும் அண்ணன் சாமியாரிடம் போனார். "உலகத்துலயே கிடைக்காத பேரு. ரெண்டு பக்கமும் அதேன்னா பங்காளிதானே சாமி? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் தாலி கட்டுறதா?" என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. சாமியார் இரண்டாவது ஓலையை நிறுத்தி வைத்து, புதுச்சேரிக்கு நேரில் போய் மூலத்தை விசாரித்து, அங்குள்ள சாமியார் கையெழுத்தோடு வரச் சொன்னார்.

1959 நவம்பர் முதல் தேதி, ஞாயிறு, சகல அர்ச்சியசிஷ்டவர்கள், அதாவது புனிதர் எல்லாருக்குமான திருநாள். முதல் பூசை கண்டுவிட்டுக் காலை ஒன்பது மணி வண்டிக்குப் புறப்பட்டேன். மகள் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தாள். "முடியாதுன்னு ஆச்சுன்னா அங்கயே சொல்லிட்டு வந்துடுங்கப்பா. இங்க வந்து இழுத்துக்கிட்டு இருக்க வேணாம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விழுப்புரம் முப்பத்து நாலு மைல். அங்கே இறங்கிப் புதுச்சேரி வண்டிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிளாட்பாரத்தில் இரண்டு இட்டிலி பன்னிரண்டு நயாபைசா. கடைக்காரர் இன்னும் இரண்டணா என்றுதான் கேட்கிறார். பிறகு இருபத்து நாலு மைல். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று வண்டி நின்று நின்று போனது. மழை தூறிக்கொண்டிருந்தது. வயலெல்லாம் தண்ணீர். பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு மீன்கார அம்மாள். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் எல்லையில் மூட்டை முடிச்சை எல்லாம் அவிழ்த்துச் சோதிப்பார்களாமே என்று கேட்டேன். "மீன் கூடையிலயும் கைய வுட்டுப் பாப்பானுங்க. அப்புறம் நாளு பூரா அந்தக் கைய மோந்துக்கினே நிப்பானுங்க" என்றாள்.

ஒன்றரை மணிக்குப் புதுச்சேரி. வண்டிச் சத்தம் நின்றதும் கடல் சத்தம் கேட்கிறது. நெல்லித்தோப்புக்கு ரிக்‌ஷா எட்டணா. பெல்வுட் வீடு என்றேன். ரிக்‌ஷாக்காரர், "சொல்தா வீடுன்னு சொல்லுங்க. நீங்களும் அந்த ஆளுங்களா?" என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மிதித்தார்.

பையனுடைய தகப்பனார் மிக்கேல் வாசலிலேயே நின்றிருந்தார். முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை. "வாங்க முசியே" என்று கை கொடுத்தார். பிறகு தண்ணீர் குடியுங்கள் முசியே, காலை நீட்டி உட்காருங்கள் முசியே என்று ஒவ்வொரு பேச்சிலும் முசியே, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. நானும் அவரை எந்த முறையும் வைத்துக் கூப்பிட முடியாமல் 'பாருங்க', 'கேளுங்க' என்று சமாளித்தேன். அவருடைய அக்காள் ரோசம்மாள் கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டோடு இருப்பவர். அறுபது வயதுக்கு மேல். இலை போட்டுக்கொண்டே சொன்னார்: "அண்ணேன்னு கூப்ட்டா கல்யாணம் பூடும். சம்மந்தின்னு கூப்ட்டா பாவம் ஒட்டிக்கும். அதான் எந்தம்பி வெள்ளக்காரன் வார்த்தய புடிச்சிக்கினு நிக்கிறான்."

சாப்பாட்டுக்குப் பிறகு மிக்கேல் எனக்குப் பெயரின் மூலத்தைச் சொன்னார். எண்பது வருஷத்துக்கு முன் தாது வருஷப் பஞ்சத்தில் இங்கிலீஷ்காரன் ஆண்ட பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் புதுச்சேரிக்கு நடந்து வந்தார்களாம். வழியில் தாய் தகப்பன் செத்துப்போன பிள்ளைகளைக் கன்னியர் மடத்தில் எடுத்து வளர்த்தார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு கேப்டன் இருந்தார். இங்கிலீஷ்காரர், நம் வேதக்காரர். சீக்கு வந்து கப்பலை விட்டு இறங்கியவர், பெண்சாதி பிள்ளை கிடையாது. ஒரே நாளில் பதினொரு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்று, தன் வீட்டுப் பெயரை அந்தப் பதினொரு பேருக்கும் கொடுத்துவிட்டார். இந்தக் கரையில் பெல்வுட் என்று யார் இருந்தாலும் அந்தப் பதினொரு பேரில் ஒருவருடைய வம்சம். காரைக்காலில் இரண்டு வீடு, சைகோனில் ஒரு வீடு, ரங்கூன், கோலார். மிக்கேலுடைய தகப்பனார் அருளப்பன் அந்தப் பதினொன்றில் ஒருவர்.

"ரத்தமெல்லாம் ஒண்ணுமில்ல முசியே. பஞ்சத்துல பொறுக்கின புள்ளைங்க நாம" என்றார் அவர், சர்வ சாதாரணமாக.

ஐம்பது வருஷமாகக் கேப்டன் பேரன் என்று நிமிர்ந்து நடந்தவன் நான். அந்த வெட்கம் ஒரு பக்கம் இருக்க, உடனே வேறொரு பயம் பிடித்தது. பதினொரு பேரில் என் தகப்பனாரும் அருளப்பனும் கூடப்பிறந்தவர்களாக இருந்தால்? ஒரு தாய் தகப்பன் செத்து இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து எடுத்திருக்கலாமே. அப்படியானால் பையன் என் மகளுக்கு அண்ணன் முறை.

ரோசம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்க அப்பாவுக்குக் காது எப்படி?" என்று கேட்டார். இடது காது மடல் கிழிந்திருக்கும், சின்ன வயதில் ஆனது என்றேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது, நாளைச் சாயங்காலம் சாமியாரையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்கு வாருங்கள் என்றார். இப்போதே சொன்னால் என்ன என்று மிக்கேல் கேட்டார். "நான் சொன்னா பொண்ணு புடிச்சதால சொல்றேன்னுவாங்க. மொதல்ல கோயில் புஸ்தகத்தப் பாருங்க" என்றார்.

மறுநாள் திங்கள், உத்தரிக்கிற ஆத்துமாக்கள் திருநாள், அதாவது கல்லறைத் திருநாள். பூசை முடிந்து ஒன்பது மணிக்குச் சாமியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்தார். கடற்காற்றில் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒரு தபால் கார்டை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். பதினொரு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. லத்தீனில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது, சூசை, ஏறக்குறைய ஐந்து வயது, தகப்பன் தாய் தெரியாது. ஒன்பதாவது, அருளப்பன், ஏறக்குறைய மூன்று வயது, தகப்பன் தாய் தெரியாது. பதினொரு தடவையும் அதே வார்த்தை. ஒவ்வொன்றின் கீழும் கேப்டன் கையெழுத்து. பதினொன்றாவது கையெழுத்து முதல் கையெழுத்தைப்போலவே நிதானமாக இருந்தது. பத்துப் போட்டபின் கிறுக்கிவிட்டுப் போகவில்லை அந்த மனிதர்.

"புத்தகம் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லலயே" என்றார் சாமியார். வேறு சாட்சி இல்லாமல் தான் கையெழுத்துப் போடுவதற்கில்லை என்றும் சொன்னார். அன்று பகலெல்லாம் நான் செபமாலை உருட்டிக்கொண்டே கிடந்தேன். என் வேண்டுதல் ஒன்றுதான். என் தகப்பன் தனியாக வந்தவனாக இருக்கட்டும் ஆண்டவரே.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உப்பளம் கல்லறை. மழை விட்டிருந்தது. ஊரே மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாகத் திரண்டிருந்தது. கேப்டன் கல்லறை தெற்குச் சுவரோரம். அதைச் சுற்றி ஒன்பது பழைய செங்கல் பதித்திருந்தது. ரோசம்மாள் பதினொரு மெழுகுவர்த்தி கொண்டுவந்திருந்தார். கேப்டன் செத்த வருஷம் பதினொரு பிள்ளைகளும் தாங்களே அந்தச் செங்கல்களை ஆணியால் பெயர் கீறிப் பதித்தார்கள் என்றும், கல்லறைத் திருநாள்தோறும் பெயருக்கு ஒரு வத்தி ஏற்றுவது வழக்கம் என்றும், தகப்பனார் கைக்குப் பிறகு நாற்பது வருஷமாகத் தாம் ஏற்றுவதாகவும் சாமியாரிடம் சொன்னார்.

பதினொரு பேருக்கு ஒன்பது கல் ஏன் என்று சாமியார் கேட்டார்.

"கூடப்பொறந்ததா வந்ததுங்களுக்கு ஒரே கல்லு சாமி. ரெண்டு சோடி" என்றார் ரோசம்மாள். முதல் சோடியின் கல்லைக் காட்டினார். அடுத்த கல்லில் பாசியைத் தேய்த்தார். அருளப்பன் என்றும், கீழே அன்னம்மாள் என்றும் இருந்தது. அன்னம்மாள் அவருடைய அத்தை, பன்னிரண்டு வயதில் பேதியில் போனவர். அதில் இரண்டு வத்தி ஏற்றினார். அப்புறம் ஒவ்வொரு கல்லாகப் பெயர் சொல்லி ஏற்றிக்கொண்டே போய், கடைசி மூலையில் உட்கார்ந்தார். அங்கே சூசை என்று ஒரே பெயர். கோணல் எழுத்து. சம்பளச் சீட்டில் என் தகப்பனார் கையெழுத்துப் போடும்போது ச-வின் தலை சாயும். இதிலும் சாய்ந்திருந்தது.

"இது ரயிலுக்குப் போன சூசை. எடது காது மடல் கிழிஞ்சவருன்னு எங்கப்பா சொல்லுவாரு. பதினேழு வயசுல ரயில் வேலைக்காரங்களோட போனவரு, சேதியே இல்ல. உயிரோட இருந்தா நல்ல பாதைக்கு, செத்திருந்தா மோட்சத்துக்குன்னு சொல்லி வெச்சி ஏத்தறோம். எங்கப்பா காலத்துலேருந்து ஒரு வருசம் தவறல."

எனக்குச் சந்தோஷம்தான் வர வேண்டும். காலையிலிருந்து கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சோடிக் கல்லில் இரண்டு இரண்டாக எரிய, இந்த ஒரு வத்தி மூலையில் தனியாக எரிவதைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வரவில்லை. ஐந்து வயதில் கைபிடிக்க ஆளில்லாமல் நடந்து வந்த பிள்ளை. அது தனியாக வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான்தானே. ஈர மண்ணிலேயே முழந்தாள் போட்டேன். என் தகப்பனார் 1938-லேயே கர்த்தருக்குள் நித்திரையானார் என்று ரோசம்மாளிடம் சொன்னேன்.

அவர் வத்தியை நிமிர்த்தி வைத்தார். "அப்ப இனிமேட்டு மோட்சத்துக்கு மட்டும் வேண்டிக்கிறேன்" என்றார்.

சாமியார் அங்கேயே ரோசம்மாள் கையைச் சிலுவைமேல் வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். கல்லையும் பார்த்தார், காது விஷயத்தையும் என்னிடம் கேட்டார். கூடப்பிறந்தவர்கள் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லறை வாசலில் மிக்கேல் என் தோளைத் தொட்டு, "வாங்க சம்மந்தி, மழை வரப் போவுது" என்றார்.

மூன்றாம் தேதி காலை வண்டிக்கு ஸ்டேஷனுக்கு அவரே வந்தார். விருத்தாசலத்தில் நாங்கள் அப்பா கல்லறைக்கு வருஷம் ஒரு வத்தி ஏற்றுகிறோம். சில வருஷம் மழை என்று விட்டதும் உண்டு. சொந்த மகன்கள் விட்ட வருஷத்திலும் பெயர் மட்டும் தெரிந்தவர்கள் ஏற்றியிருக்கிறார்கள். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லுமுன்பே என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கல்யாணம் தையில் நடந்தது. அண்ணன் வந்தார், சாப்பிட்டார். கேப்டன் ரத்தம் இல்லை என்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. அதனால்தான் எழுதாதே என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இப்போது கல்லறைத் திருநாளில் எங்களுக்கு இரண்டு ஊர்.

இதை வாசிக்கிறவர்கள் கோலாரிலோ ரங்கூனிலோ சைகோனிலோ பெல்வுட் என்று யாரையாவது கண்டால், இதை அவர்களுக்கு உள்ளபடியே வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். கேப்டனை நமக்குத் தாத்தா ஆக்க வேண்டாம். பஞ்சத்தை விட்டுவிடவும் வேண்டாம். உப்பளத்தில் அவர்கள் பெயருக்கும் ஒரு கல் இருக்கிறது, வத்தி எரிகிறது. செத்தவர் யார், இருப்பவர் யார் என்று தெரியாமல் ரோசம்மாள் இன்னும் சிலருக்கு இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கார்டு போட்டால் போதும்.